மாப்பிள்ளை பிடித்த ஸ்டியரிங்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மேசையில் கேம் கண்ட்ரோலருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். திறந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே உடைத்த கருப்பட்டி. எறும்பு வருகிறதென்று யாராவது அதைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தால், தயவுசெய்து எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் வந்து பேசச் சொன்னார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்து அப்படியில்லை, அதுதானே நமக்குச் சோறு போட்டது.

நான் அக்காள்மடத்துக்காரன். நாற்பது வயதுவரை வடகடலில் வள்ளம் ஓட்டினேன். ஒருநாள் வலையை இழுக்கும்போது முதுகில் ஏதோ நழுவியது. டாக்டர் இனிமேல் பாரம் தூக்காதே என்றார். அதன்பிறகு மச்சினன் நடத்திய பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் கேம் விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளையாடுவதைவிடத் திட்டுவதுதான் அதிகம். இந்தப் பட்டனை இங்கே எவன் வைத்தான், குதிக்கச் சொன்னால் குனிகிறானே என்று வாய் ஓயாது. ஒருநாள் ராமநாதபுரத்துப் பாய் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அண்ணே, இந்தத் திட்டுறீங்கள்ல, இத எழுதித் தருவீங்களா? வேலை தாரேன்" என்றார்.

அவர் துபாயிலிருந்து திரும்பி வந்து நம் ஆபீசை ஆரம்பித்திருந்த நேரம் அது. இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். படிப்பால் வரவில்லை, வாயால் வந்தேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கேம் நின்றுபோகிறதா, படம் கிழிகிறதா என்று பார்க்க வேறு ஆட்கள் உண்டு. நாம் விளையாடிப் பார்த்து, கை என்ன சொல்கிறது என்று எழுதுகிறோம். அவ்வளவுதான். கேட்பதற்கு லேசாக இருக்கும். கை சொல்வதைக் கேட்பதைவிடக் கஷ்டமான காரியம் நான் கடலில்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் காலத்தில் பெரிய வேலையாக வந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் திருடன் கேம். பேர் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் பேர் வேண்டாம். ஒரு பெரிய நகரம், சுற்றிலும் கடல், ஒரு திருடன். எங்கும் போகலாம், யாருடைய வண்டியையும் பிடுங்கலாம், சுடலாம், ஓடலாம். எங்கள் ஆபீசில் அந்த நகரத்துக்கு 'ஊரு' என்று பேர். அந்தத் திருடனுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர். காலையில் வந்ததும் "இன்னிக்கு ஊருக்குள்ள யாரு?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். "மாப்பிள்ளை சுவரேற மாட்டேங்குறாரு", "மாப்பிள்ளைக்குப் பிரேக் பிடிக்கல" என்றெல்லாம் சத்தமாகப் பேசுவோம். எங்கள் மாடிக்குக் கீழே செல்போன் கடைக்கு வருகிறவர்கள், மேலே ஏதோ கல்யாண வீடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தினமும் அக்காள்மடத்தில் பஸ் ஏறுவேன். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல். ஜன்னல் ஓரத்தில் பாதித் தூக்கத்தில் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே போவேன். பத்து மணிக்கு ஆபீசில் கண்ட்ரோலரைப் பிடித்தால் மறுபடியும் ஒரு கடல். ஊருக்குள் பொழுது சீக்கிரம் சீக்கிரமாகப் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏழெட்டு அந்தியைப் பார்த்துவிடுவேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அங்கே மழை பெய்தால் என்னையறியாமல் சட்டைத் தோளைத் தொட்டுப் பார்ப்பேன். சாயங்காலம் திரும்பப் பாலத்தில் வரும்போது, கடல்மேல் தாழப் பறந்த ஒரு வெள்ளைப் பறவையைக் காலையில் பார்த்தது இங்கேயா அங்கேயா என்று குழம்பும். அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது. கடலை விட்டவனுக்கு இரண்டு கடல் கிடைத்ததென்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

கெட்டது செய்யும் பட்டன்களும் நல்லது செய்யும் பட்டன்களும் அந்த கேமில் ஒன்றாகவே இருக்கும். பூக்காரப் பெண் பக்கத்தில் போய் ஒரு பட்டனைத் தட்டினால் பூ வாங்கலாம். அதே பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். நான் பூ வாங்கப் போய் மூன்று தடவை போலீசிடம் மாட்டினேன். 'என் விரல் தடித்த விரல், நல்ல எண்ணத்தோடு அழுத்தினாலும் கொள்ளையாக முடிகிறது' என்று எழுதி அனுப்பினேன். மாற்றினார்கள். கம்பெனிக்காரர்கள் அந்த வரியைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பாய் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. பிறகு மற்றவர்கள் எழுதுவதையெல்லாம் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவது என்று பாய் ஏற்பாடு செய்தார். தலை இன்னும் கனத்தது.

அந்தச் சமயத்தில்தான் நயினார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். விவசாயக் குடும்பம். ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அதற்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை பார்த்து, மெஷின் தப்பாகக் காட்டுகிறதென்று சொன்னதற்காக வேலை போயிற்றாம். அவள் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆபீசில் எங்கள் எல்லோருக்கும் ஊர்ப் பேர்தான். நான் அக்காமடம். அவள் நயினார்கோவில்.

முதல் நாள் அவளை ஊருக்குள் விட்டோம். காரில் ஏறினாள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றாள். பச்சை விழும்வரை காத்திருந்தாள். திருடன் கேமில் சிக்னலுக்கு நின்றவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்காமல் எழுதினாள்: 'பிரேக்கைப் பாதி அழுத்தினால் வண்டி குலுங்காமல் நிற்கிறது.' அதுவரை பிரேக்கைப் பாதி அழுத்திப் பார்த்தவர்கள் எங்களில் ஒருவரும் இல்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வது வழக்கம். அந்தத் தாளில் எழுத வேண்டியவன் நான். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்: "அண்ணே, எனக்கு இந்த வேலைய விட மனசு வராதுண்ணே. நான் சொல்றத ஒருத்தர் எழுதி வாங்கிக்கிறது இங்கனதான். வேற எங்கயும் நடக்கல." நான் தலையாட்டினேன். அவள் அதை எவ்வளவு மனதோடு சொன்னாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு கேமில் படகு வந்தது.

மற்றதெல்லாம் எப்படியோ, படகு என்னுடையது. யாரையும் தொடவிடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என்ன சொல்ல! காரில் தடுமாறிய கை, படகில் பாலாக ஓடியது. பாலத்துக்கு அடியில் நுழைந்தேன், தூண்களுக்கு நடுவே வளைந்தேன், கரையோரத்தை ஒட்டி உரசாமல் போனேன். கொடுத்த வேலையை விட்டுவிட்டு நடுக்கடலில் எஞ்சினை அணைத்துவிட்டு மாப்பிள்ளையை சும்மா உட்கார வைத்தேன். படகு மெல்ல ஆடியது. கண்ட்ரோலரும் கையில் மெல்ல நடுங்கியது. ஒரு அந்தி வந்து போனது, இன்னொரு அந்தி வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முதுகு வலிக்காமல் நான் கடலில் இருந்தேன். கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். 'இந்த கேமிலேயே சிறந்த கண்ட்ரோல் படகுதான். ஒன்றையும் மாற்ற வேண்டாம்' என்று எழுதினேன்.

எல்லாவற்றையும் இரண்டு பேர் பார்க்க வேண்டுமென்பது விதி. அதனால் மறுநாள் நயினார்கோவிலும் படகை ஓட்டினாள். அப்போதெல்லாம் தமிழில் கோடு போட்ட நோட்டில் எழுதுவோம், நான் பார்த்த பிறகுதான் அது ஆங்கிலமாகிப் போகும். அவள் நோட்டில் எழுதியிருந்தாள்: 'வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகிறது. மூன்று தடவை பாலத்தில் இடித்தேன்.'

எனக்குச் சுருக்கென்றது. என் படகையா?

"தாயி, நீ கடல் பாத்திருக்கியா?" என்றேன்.

"ராமேஸ்வரத்துக்கு ஒரு தடவ வந்துருக்கேண்ணே. ஆடி அமாவாசைக்கு. எங்கய்யா கூட."

"படகுல போயிருக்கியா?"

"இல்லண்ணே."

"படகு என்ன காரா? அது அப்படித்தான் போகும். வலப்பக்கம் தள்ளுனா இடப்பக்கம்தான் போகும். கடல் தெரிஞ்சவனக் கேளு."

அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியாண்ணே?" என்றாள். அந்தக் குரலில் சந்தேகம் இல்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இருந்தது. சிவப்புப் பேனாவால் அவள் வரியை அடித்தேன். மேலே 'படகு நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் அவளுடைய மூன்று மாதத் தாளும் வந்தது. அதில் 'கவனம் போதாது, பழக வேண்டும்' என்று எழுதினேன். பாய் அதை மேசை டிராயரில் வைத்தார்.

அவள் பழகினாள். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அவள் மட்டும் படகை ஓட்டிக்கொண்டிருப்பாள். நாலைந்து நாள் கழித்து என்னிடம் வந்து, "இப்ப வந்துருச்சுண்ணே. இடிக்காமப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினேன்.

கொஞ்ச நாளில் கம்பெனிக்காரர்கள் வெளியாட்களைக் கூப்பிட்டு கேமை ஆடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பாய் வந்ததும், வீடியோ காலில் கூப்பிட்டார்கள். எங்கள் எல்லோரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார் பாய். அந்தப் பக்கம் நாலு முகம். பேசியது ஒரு அம்மாள், மெல்லிய குரல். அவர் ஒன்றும் சொல்லாமல் முதலில் படத்தைப் போட்டுக் காட்டினார். யார் யாரோ படகு ஓட்டுகிறார்கள். ஒருவன் பாலத்தில் மோதுகிறான், ஒருத்தி கரையில் ஏறுகிறாள், ஒரு பெரியவர் கண்ட்ரோலரை மேசையில் போட்டுவிட்டு எழுந்தே போய்விடுகிறார். படகை நன்று என்று எழுதிய ஒரே ஆபீஸ் நம்முடையது, யார் பார்த்தது என்று கேட்டார். பாய் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. இவர்களெல்லாம் கடல் தெரியாதவர்கள் என்றுதான் நினைத்தேன்.

பாய்க்கு என்மேல் பாசம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "புதுசா சேந்த பொண்ணும் ஒண்ணு பாத்துச்சு, அதுக்குப் பழக்கம் பத்தாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் நயினார்கோவிலைப் பார்த்து, உனக்கு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டார். பாய் மொழிபெயர்த்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். நோட்டு என் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அவளாகவே சொல்லியிருக்கலாம், நானாவது சொல்லியிருக்கலாம். அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்குக் கடல் தெரியாது மேடம்."

என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று அவள் அதைச் சொல்லவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் அதை நம்பிச் சொன்னாள். நான்தான் நம்ப வைத்திருந்தேன்.

நோட்டை நான் திறக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு. புயலில் வள்ளம் ஓட்டியவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன். ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் விளக்கம் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். பாய் டிராயரைத் திறந்து நான் எழுதிய தாளைப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போம்மா, சொல்லி அனுப்புறேன்" என்றார் அவளிடம். அதற்கு என்ன அர்த்தமென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் என் தம்பி, பழுது பார்த்து வாங்கிய எஞ்சினை வள்ளத்தில் மாட்டி ஓட்டிப் பார்க்கப் போனான். தூக்கமில்லாமல் கிடந்த நானும் ஏறிக்கொண்டேன். வடகடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தேன். வலப்பக்கம் தள்ளினேன். வள்ளம் இடப்பக்கம் திரும்பியது. பார்த்தாயா, இதுதானே படகு என்று மனதுக்குள் யாரிடமோ சண்டை போட்டேன்.

அப்போது ஒரு விசைப்படகு எங்களைத் தாண்டிப் போனது, நங்கூரம் மாற்றிப் போட. கேபின் ஜன்னலில் டிரைவர் தெரிந்தார். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கை ஸ்டியரிங்கில். ஸ்டியரிங்கை வலப்பக்கம் சுற்றினார். படகு வலப்பக்கம் போனது.

நான் கைப்பிடியை விட்டுவிட்டேன்.

"என்னண்ணே?" என்றான் தம்பி.

மாப்பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு படகு ஓட்டுகிறான்? நினைவுக்கு வரவில்லை. அவன் முகத்துத் தழும்பு தெரியும், சட்டை தெரியும், நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்து வைப்பான் என்றுகூடத் தெரியும். கை தெரியவில்லை. நான் கடலை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"திருப்புடா" என்றேன்.

பதினோரு மணிக்கு ஆபீசில் இருந்தேன். மாப்பிள்ளையைப் படகில் ஏற்றி, கேமராவைத் திருப்பி அவன் கையைப் பார்த்தேன். உருண்டையாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஸ்டியரிங். கண்ட்ரோலர் குமிழை வலப்பக்கம் தள்ளினேன். மாப்பிள்ளை பாவம், கையை ஒழுங்காக வலப்பக்கம்தான் சுற்றினான். படகு இடப்பக்கம் போனது. கம்பெனிக்காரன் எங்கோ இடம் வலம் மாற்றி எழுதிவிட்டான். அது என் வள்ளத்தின் கைப்பிடிக்குப் பொருந்திவிட்டது. ஒரு தப்பு எனக்கு அத்தனை இனிமையாக இருந்திருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நம் தொழிலில் தன் கையும் தனக்குத் தெரியாது.

நோட்டைப் பிரித்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவள் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

ஹாஸ்டலுக்குப் போனேன். காலையிலேயே அவள் அய்யா வந்து கூட்டிப்போய்விட்டார் என்றார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்குப் போகாமல் நயினார்கோவில் பஸ் ஏறினேன். ஆண்டவர் புரிந்துகொண்டிருப்பார்.

அவர்கள் வீட்டுக் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து சோடை மிளகாயைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அய்யா என்னை வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் கேட்டார்:

"எம்மக ஏதோ தப்புப் பண்ணிருச்சுன்னாங்க. என்ன தப்புன்னு கேட்டா, கடல் தெரியாதுங்குது. கடல் தெரியாதது ஒரு தப்பாங்க? எங்களுக்குக் கம்மாத் தண்ணிதான தெரியும்."

அவளிடம் நோட்டைக் காட்டினேன். நீ எழுதியதுதான் சரி, நான்தான் தப்பு என்று சொன்னேன். மன்னித்துக்கொள் தாயி என்றேன். அவள் மிளகாய்க் கையோடு நோட்டைத் தொடாமல் குனிந்து படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் இறுகிப் போயிற்று.

"நான் அதப் பழகிட்டேண்ணே" என்றாள். "எங் கை சரியாத்தான சொல்லிருக்கு. அதப்போயி நான் தெனமும் மத்தியானம் அதட்டி அதட்டி மாத்துனேன். அதுதாண்ணே எனக்கு ஆறல."

ஒரு சோடை மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடியும் சொன்னாள்:

"மன்னிப்ப எதுக்கு இங்கன வந்து கேக்குறீக? மிளகாகிட்டயா? அங்கன கேளுங்க. அவுக எல்லாரும் இருக்கும்போது. இந்த வரிய நீங்களே படிங்க. அப்புறம் நான் வாரதா வேணாமான்னு பாக்குறேன்."

அவள் அய்யா அவளை அதட்டவில்லை. நானாக இருந்தாலும் அதட்டியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! அண்ணே, நம்ம ஆபீசே போயிரும்ணே. ஏதோ தப்பான பைலப் போட்டுப் பாத்துட்டோம்னு சொல்லிரலாமா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. எட்டுக் குடும்பம் அந்த மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பொய் எல்லோரையும் காப்பாற்றும், அவள் ஒருத்தியைத் தவிர. எனக்கும் சபலம் தட்டியது, தட்டவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் நம் ஆபீஸ் விற்பது ஒன்றே ஒன்றுதான் தம்பிகளே, கை சொன்னதை மாற்றாமல் சொல்வது. அதை மாற்றிவிட்டு எதைக் காப்பாற்றுவது?

திரையில் நாலு முகமும் வந்ததும் நோட்டைத் தூக்கிப் பிடித்தேன். 'வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகிறது. மூன்று தடவை பாலத்தில் இடித்தேன்' என்று படித்தேன். இது அந்தப் பெண் எழுதியது, சிவப்புக் கோடு நான் போட்டது என்றேன். பாய் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார்.

"அந்தப் படகு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றேன். அதைவிட உண்மையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, படகைச் சரி செய்து அனுப்புகிறோம், அதை அந்தப் பெண் முதலில் பார்க்கட்டும், அவர் எழுதுவதை யாரும் திருத்தாமல் அனுப்புங்கள் என்றார். வேலை தப்பியது. கையெழுத்துப் போடும் உரிமையைப் பாய் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, டீ மட்டும் தவறாமல் என் மேசைக்கு வந்தது. டிராயரில் இருந்த தாளை நானே கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அவள் வியாழக்கிழமைதான் வந்தாள். மூன்று நாள் யோசித்திருக்கிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வந்தவள் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி. மேசை ஓரத்தில் வைத்து உடைத்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள்.

"வாயில போட்டுக்கங்கண்ணே. பக்கத்துல ஒக்காந்து நான் வெளையாடுறதப் பாருங்க. இது கரையுற வரைக்கும் பேசக் கூடாது."

போட்டுக்கொண்டேன். அவள் படகைக் கிளப்பினாள். பழகின கை அல்லவா, இப்போது சரிசெய்து வந்த படகையும் தப்பாகத் திருப்பி நேரே பாலத்தில் விட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. கடுக்கென்று கடித்துவிட்டேன்.

"கடிக்கக் கூடாதுண்ணே" என்றாள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "கரையணும்."

இன்னொரு துண்டு கொடுத்தாள். அன்று அவள் ஏழெட்டுத் தடவை இடித்தாள். கெடுத்து வைத்த கையைத் திருப்பி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று வாய் நிறைய இனிப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைவிடக் கசப்பான நாள் இன்றுவரை இல்லை. அன்றிலிருந்துதான் நம் ஆபீசில் அந்த டப்பா. புதிதாக ஒருவர் விளையாடும்போது பக்கத்தில் உட்காருகிறவர் வாயில் கருப்பட்டி இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் புளியங்கொட்டை போட்டுக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த குரு அவள்தான். என்னைவிட இருபத்தொன்பது வயது சின்னவள்.

அதன்பிறகு ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கட்டைவிரலில் வலி வந்ததும் போதுமென்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடும் வேலை இப்போது அவளுடையது. கடைசி நாள் என்ன வேண்டும் என்று பாய் கேட்டார். எல்லோரும் அக்காள்மடம் வாருங்கள், வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்றேன்.

காலை வெயில் இதமாக இருந்தது. பாய் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை சின்னதாகி, பாலம் தூரத்தில் ஒரு கோடாக மிதந்தது. தண்ணீர் அதே பச்சை. இது எந்தக் கடல் என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம். நயினார்கோவில் எழுந்து பின்னால் வந்தாள். "நான் ஓட்டிப் பாக்கட்டாண்ணே?" என்றாள். எழுந்து இடம் கொடுத்தேன். அவள் சுடிதார்ப் பையிலிருந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினாள். வள்ளம் இடப்பக்கம் திரும்பி, யாரோ போட்டிருந்த வலை மிதப்பை நோக்கிப் போனது. இன்னும் தள்ளினாள், இன்னும் திரும்பியது. பாய் ஏதோ ஓதத் தொடங்கினார். என் தம்பி என்னைப் பார்த்தான். கருப்பட்டியை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு நான் சும்மா இருந்தேன். அவள் வேகத்தைக் குறைத்தாள். தன் கையைப் பார்த்தாள், வள்ளத்தின் மூக்கைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மறுபக்கம் தள்ளினாள். மிதப்பு எங்களை ஒட்டி ஆடிக்கொண்டே பின்னால் போனது.

அவள் மூச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, வலப்பக்கம் திருப்புனா இடப்பக்கம் போகுது."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன்.